ஒரே மாதிரி இரண்டு பேனை

கொழும்பு ஹெவ்லொக் டவுனில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிற மஸாஹிராவுக்கு எழுத்து வேலை ஓய்வதே இல்லை. வகுப்பில் நிற்காத நேரமெல்லாம் கொப்பி திருத்துவாள். வீட்டுக்கு வந்தால் பாடக்குறிப்பு. போல்பொயின்ற் பேனையை அழுத்தி எழுதியே அவளுடைய வலது பெருவிரல் மூட்டு ஒருமுறை வீங்கிப்போனது. அதற்குப் பிறகு மைப்பேனைக்கு மாறினாள். தாளில் தொட்டாலே ஓடும், விரலுக்கு வேலை இல்லை. பிளாஸ்ரிக் பேனைகள் கழுத்தில் வெடித்துக் கைப்பைக்குள் மை கொட்டியபோது, உலோகத்தில் ஒன்று வாங்கினாள். வெள்ளி நிறத்தில், அலங்காரம் எதுவும் இல்லாத எவர்சில்வர் பேனை. அது சில வருடங்கள் நன்றாக உழைத்தது. இந்த வருடம் அதன் புரி தேய்ந்து மை கசியத் தொடங்கியது.

ஒரு சனிக்கிழமை காலை, மகள் ஆதிபாவை வெள்ளவத்தையில் கணித வகுப்பில் விட்டுவிட்டு, பஸ் ஏறிப் புறக்கோட்டைக்குப் போனாள். பழைய பேனையையும் கையோடு கொண்டு போனாள். உலகப்பனின் கடையில் கொப்பி மொத்த வியாபாரம் ஒரு பக்கம், பேனைக் கண்ணாடி அலுமாரி மறுபக்கம். அலுமாரிக்குப் பின்னால் பிறிஜெற் என்ற பெண் நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை.

பெரிய விலைக்கு வேண்டாம், ஒவ்வொரு நாளும் எழுதுவதற்கு, உலோகத்தில் வேண்டும் என்றாள் மஸாஹிரா. பிறிஜெற் பச்சைத் துணி விரித்த ஒரு தட்டில் மூன்று பேனைகளை வைத்தாள். முதலாவது மஸாஹிராவின் பழைய பேனையேதான். அதே மாடல் இன்னும் வருகிறதாம். பக்கத்தில் தன்னுடையதை வைத்துப் பார்த்தபோது, பொடிக் கீறல்களைத் தவிர இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. புதியதை மையில் தோய்த்து எழுதினாள். பழகிய எழுத்து. ஆனால் பிடிக்கிற இடம் வழவழப்பு. கொழும்புப் புழுக்கத்தில் கை வியர்த்தால் விரல் நிப்பை நோக்கி வழுக்கிக்கொண்டே போகும். இத்தனை வருடம் அதைச் சகித்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

இரண்டாவது அலுமினியம். கையில் இருப்பதே தெரியாத பாரம். மூடியைத் திருகுகிற புரி சரியாக விரல் படுகிற இடத்தில் இருந்து அறுத்தது. மூன்றாவது பித்தளையில் செய்து கறுப்புப் பூச்சுப் பூசியது. நிப் மெல்லியது. பாடசாலைக் கொப்பித் தாளில் மை ஊறிப் பின்பக்கம் தெரிகிறதா என்று பார்க்கவே ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தாள். ஊறவில்லை. ஆனால் பின்பாரம் கையை இழுத்தது.

“மூடிய பின்னால போடாம எழுதிப் பாருங்கோ, மிஸ்” என்றாள் பிறிஜெற்.

மூடியைக் கழற்றியதும் பேனை கைக்குள் அடங்கியது. பிடிக்கிற இடத்தில் மெல்லிய வரிகள் வெட்டியிருந்தன, வழுக்கவில்லை. பட்டென்று மூடுகிற மூடி, வகுப்பில் அவசரத்துக்கு நல்லது. குப்பி மையே ஊற்றிக்கொள்ளலாம். விலையும் அவள் நினைத்ததற்குள் இருந்தது. அதையே பில் போடச் சொன்னாள்.

பில் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் ஃபோன் வந்தது. ஆதிபாவை வகுப்பிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகிற வேன்காரன். வகுப்பு முடிந்து எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள், ஆதிபாவை மட்டும் காணவில்லை என்றான். மஸாஹிராவுக்குக் காது அடைத்தது. காசைக் கொடுத்ததும், பெட்டியை வாங்கியதும், படியிறங்கி ஓடியதும் அவளுக்குப் பிறகு சரியாக நினைவில் இல்லை. அவள் ஏறிய த்ரீவீல் கொள்ளுப்பிட்டியைத் தாண்டுவதற்குள் வேன்காரன் மறுபடி ஃபோன் எடுத்தான். பிள்ளை சிநேகிதியோடு பக்கத்துக் கடையில் உறிஞ்சிக் குடிக்கிற ஐஸ் பக்கெட் வாங்கிக்கொண்டிருந்ததாம். அன்று மகளுக்கு நல்ல ஏச்சு. பேனை விஷயம் மறந்தே போனது.

திங்கட்கிழமை தொடங்கி அவள் பித்தளைப் பேனையால் எழுதினாள். வெள்ளிப் பேனை கைப்பையின் உள்ளறைக்குள் கிடந்தது. அதை வெளியே எடுக்கத் தேவை வரவில்லை.

வியாழக்கிழமை இடைவேளையில் ஆசிரியர் அறைக்குள் ராஜராஜேஸ்வரி டீச்சர் அவளைத் தேடி வந்தாள். பகுதித் தலைவி. ஒருவரைப் பற்றி ஒருவரிடம் கதைக்காதவள். கதவைச் சாத்திவிட்டு மேசையில் தன்னுடைய ஃபோனை வைத்தாள்.

“இதைப் பாருங்கோ மஸாஹிரா. இது நீங்கள் இல்லைத்தானே?”

பேஸ்புக்கில் ஒரு வீடியோ. கடைக் கமராவிலிருந்து எடுத்தது. நீலப் பர்தா போட்ட ஒரு பெண் ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, வெள்ளி நிறப் பேனை ஒன்றைக் கைப்பைக்குள் போடுகிறாள். திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறாள். முகம் தெளிவாகத் தெரிந்தது. மேலே மூன்று மொழிகளில் எழுதியிருந்தது: பழைய பேனையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் புதியதை எடுத்துப்போன பெண். தெரிந்தவர்கள் அறியத்தரவும்.

மஸாஹிராவுக்கு முதலில் வந்தது கோபம்தான். அது தன்னுடைய சொந்தப் பேனை, கடைக்குக் கொண்டு போனது என்றாள். இப்போதே காட்டுகிறேன் என்று கைப்பையின் உள்ளறையைத் திறந்து, பேனையை எடுத்து மேசையில் வைத்தாள்.

இருவரும் அதைப் பார்த்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கிளிப்பின் உட்பக்கத்தில் மெல்லிய பிளாஸ்ரிக் உறை இன்னும் ஒட்டியிருந்தது.

மஸாஹிரா அதைப் புரட்டிப் பார்த்தாள். எப்படி வந்தது என்று தனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் எடுத்தாள். சொன்னால் எப்படிக் கேட்கும் என்பதும் அதே கணத்தில் அவளுக்குத் தெரிந்தது. எந்தக் கள்ளியும் அதைத்தான் சொல்லுவாள்.

ராஜராஜேஸ்வரி டீச்சர் பேனையைத் தொடவில்லை. மாணவி ஒருத்தியின் தாய் ஏற்கெனவே அதிபருக்கு ஃபோன் எடுத்துக் கேட்டுவிட்டதாகவும், அதிபர் கூப்பிடுவதற்கு முன் இதை எப்படியாவது தீர்த்துக்கொண்டு வருவது நல்லது என்றும் தாழ்ந்த குரலில் சொன்னாள். தான் நம்புவதாகவோ நம்பவில்லை என்றோ சொல்லவில்லை. அரைநாள் லீவுக் கடிதத்தை மட்டும் தானே எடுத்து நீட்டினாள்.

பஸ்ஸில் மஸாஹிரா வீடியோவின் கீழே இருந்தவற்றை வாசித்தாள். வாசிக்காமல் இருந்திருக்கலாம். பாதிப் பேர் பேனையைப் பற்றி எழுதவே இல்லை. பர்தாவைப் பற்றி, அவளுடைய ஆட்களைப் பற்றி, இந்த நாட்டில் அவர்கள் இருக்கலாமா என்பதைப் பற்றிச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதியிருந்தார்கள். ஒருவன் அவளை எங்கேயோ கண்டிருப்பதாகவும் பெயர் தேடித் தருவதாகவும் எழுதியிருந்தான்.

கணவன் இன்ஸாப் வெள்ளவத்தையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். அவனும் அதற்குள் வீடியோவைப் பார்த்திருந்தான். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, கூடத்தில் நடந்துகொண்டிருந்தான். பேனையைக் கண்டதும் நின்றுவிட்டான். அவன் அவளைச் சந்தேகப்படவில்லை. அதனால் அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அவன் பயந்திருந்தான். ஒன்றுவிட்ட அண்ணன், சட்டத்தரணி மக்கீன் நானாவிடம் கேட்டானாம். கையில் பொருளோடு கடைக்குப் போவது களவை ஒப்புக்கொள்வது மாதிரி ஆகிவிடும், பொலிஸைக் கூப்பிட்டு வைத்திருந்தால் அங்கேயே பிடிப்பார்கள் என்று அவர் சொன்னாராம்.

“கால்வாய்ல போட்டுட்டு வாற நான்” என்றான் இன்ஸாப். “பேனையே இல்லண்டா என்ன சாட்சி? அவங்களுக்கு இரிக்கிறது ஒரு வீடியோ மட்டும்தான்.”

அவன் கையை நீட்டினான். உண்மையில் அவளுக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. கால்வாய் இரண்டு சந்துக்கு அப்பால்தான். கறுப்புத் தண்ணீரில் போட்டால் ஒரு சத்தம்கூட வராது. பிறகு எடுக்கவில்லை, எடுக்கவில்லை என்று காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

“போட்டா அதுக்குப் பொறகு நான் கள்ளிதான்” என்றாள். “இப்ப இல்ல. போட்டாத்தான்.”

அவன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தான். உள்ளே வரவேண்டாம், ஆண்கள் இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் சண்டையாகிவிடும் என்று அவள் வழியில் சொல்லி வைத்தாள். புறக்கோட்டையில் கடைக்கு எதிரே, மூட்டை தூக்கும் நாட்டாமைகள் தள்ளுவண்டி இழுக்கிற நெரிசலுக்குள் அவன் மோட்டார் சைக்கிளோடு நின்றான்.

பேனை அலுமாரிக்குப் பின்னால் பிறிஜெற் இல்லை. உலகப்பனின் மருமகன் தியாகு நின்றான். அவளைக் கண்டதும் அவனுக்கு அடையாளம் தெரிந்தது. உள்ளே போய்ப் பெரியவரைக் கூட்டி வந்தான். திரும்பி வந்து கதவுப் பக்கமாக நின்றுகொண்டான். கொப்பி எண்ணிக்கொண்டிருந்த இரண்டு பேரும் கையை நிறுத்தினார்கள்.

உலகப்பனுக்கு அறுபது தாண்டியிருக்கும். நெற்றியில் திருநீறு, வெள்ளைச் சட்டை, நிதானமான குரல். அவருடைய பாட்டன் சிவகங்கைப் பக்கமிருந்து வந்து திறந்த கடை அது. அவர் சத்தம் போடவில்லை. அது மஸாஹிராவுக்கு இன்னும் பயத்தைத் தந்தது.

“வருவீங்கன்னு நெனைக்கலம்மா. பேனை இருக்கா?”

“இரிக்கி.”

“இங்க வைங்க.”

“வைக்கிறன். அதுக்கு முந்தி முழு வீடியோவயும் எனக்குக் காட்டுங்க. நீங்க போட்டது நான் பையில போடுறத மட்டும்தான். அது என்ட கைக்கு எப்படி வந்ததண்டு எனக்கே தெரியா.”

பேனையை முதலில் வைக்கச் சொல்லி அவர் மறுபடி சொன்னார். அவள் கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் ஒரு விரலால் கண்ணாடி மேசையைத் தட்டினார். பொலிஸுக்கு எடுப்பதென்றால் இரண்டு நிமிட வேலை என்றார். எடுங்கள், அவர்களும் வந்து பார்க்கட்டும் என்று அவள் சொன்னாள். வாசலில் வெளிச்சம் மறைந்தது; இன்ஸாப் வீதியைக் கடந்து வந்து படியடியில் நின்றான். அவள் அவனைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தாள்.

தியாகுதான் முதலில் அசைந்தான். பதிவு இன்னும் அழியவில்லை மாமா, பார்த்தால் என்ன என்று கேட்டான். உலகப்பன் மேசையிலிருந்து விரலை எடுத்தார். தியாகு கணினியைத் திருப்பி வைத்து அந்தச் சனிக்கிழமையைத் தேடி எடுத்தான்.

திரையில் மஸாஹிரா மூன்று பேனைகளால் மாறி மாறி எழுதினாள். அவளுடைய பழைய பேனையும் தட்டிலேயே இருந்தது. ஃபோன் வந்தது. அவள் எழுந்தாள், காசு கொடுத்தாள், கறுப்புப் பேனையின் பெட்டியை வாங்கினாள், திரும்பி இரண்டடி போனாள். அப்போது பிறிஜெற் தட்டைப் பார்த்து, ஒரு வெள்ளிப் பேனையைத் துடைத்து எடுத்து, மேசைக்கு மேலாக எட்டி அவளுடைய கையில் கொடுத்தாள். சத்தம் பதிவாகவில்லை. ஆனால் பிறிஜெற்றின் வாய் அசைந்தது தெரிந்தது: மிஸ், உங்கட பேனை. மஸாஹிரா திரும்பிப் பார்க்காமலே வாங்கிப் பைக்குள் போட்டாள். பிறிஜெற் மற்றதைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

தியாகு அதை இன்னொரு தரம் ஓடவிட்டான். வாசலில் நின்ற இன்ஸாப் உள்ளே வந்து, எல்லாருக்கும் பின்னால் நின்று பார்த்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

மஸாஹிரா பேனையை எடுத்து மேசையில் வைத்தாள். உலகப்பன் இழுப்பறையைத் திறந்து அவளுடைய பழைய பேனையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அவருடைய முகத்தில் நிறம் மாறியிருந்தது. பக்கத்தில் கிடந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டார்.

“தப்பு எம் பக்கம்தான். வீடியோவை இப்பவே எடுத்துர்றோம்” என்றார். தியாகுவிடம் சொல்லி அந்தக் கணமே அழிக்க வைத்தார். பிறகு, “அந்தப் புள்ள இனி இங்க வேணாம்” என்றார்.

பிறிஜெற்றை ஏற்கெனவே வீட்டில் நிற்கச் சொல்லியிருந்தார்களாம். பில் எழுதியவள் அவள், பெட்டியை மூடியவளும் அவள். வாடிக்கையாளரோடு சேர்ந்து செய்திருப்பாளோ என்று உலகப்பனுக்குச் சந்தேகம். இப்போது அது களவில்லை, கவனயீனம் என்று நிரூபணமாகிவிட்டது. கவனயீனமான ஆளைப் பேனை அலுமாரிக்கு வைக்க முடியாது என்றார்.

இன்ஸாப் மனைவியின் முழங்கையைத் தொட்டான். வந்த காரியம் முடிந்தது, போவோம் என்பது அதற்கு அர்த்தம். மஸாஹிராவும் போகத்தான் நினைத்தாள். வெளியே போய் மூச்சு விட வேண்டும் போலிருந்தது. ஆனால் தியாகு நிறுத்தியிருந்த திரையில் பிறிஜெற்றின் கை இன்னும் நீண்டபடி உறைந்து நின்றது.

“பார்க்காம வாங்கிப் பையில போட்டது நான்” என்றாள். “ரெண்டும் ஒரே மாதிரி. என்ட சொந்தப் பேனைய எனக்கே தெரியல்ல. அந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும்?”

“கடை என்னோடதும்மா.”

“ஓம். அந்த வீடியோவும் ஒங்கடதான். கீழ என்ன எழுதினாங்கண்டு வாசிச்சீங்களா?”

அவர் வாசித்திருந்தார். அதை நான் எழுதவில்லையே என்றார்.

“எழுதினது நீங்க இல்ல. அவங்க எழுதினது என்ட மொகத்துக்குக் கீழ. முழுசாப் பார்க்காம அத அங்க போட்டது நீங்க. அது என்ன கவனம்?”

கொப்பி எண்ணுகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். உலகப்பன் அவளை நேரே பார்த்தார். கோபமா வெட்கமா என்று சொல்ல முடியாத பார்வை. யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னார். தவறு நடந்ததென்று கடையின் பெயரில் எழுதிப் போடவும் வேண்டும் என்று அவள் கேட்டாள். அதற்கும் அதே பதில்.

படியிறங்கும்போது தியாகு பின்னால் வந்து பிறிஜெற்றின் விலாசத்தை மெல்லச் சொன்னான். அவளுக்கு முதலில் தெரியவேண்டும், மாமா ஃபோனில் சொன்னால் வேறு மாதிரி இருக்கும் என்றான்.

கொட்டாஞ்சேனையில் ஜெம்பட்டா வீதியிலிருந்து பிரிகிற ஒடுக்கமான சந்தில் அந்த வீடு. இன்ஸாப்புக்கு அங்கே போக இஷ்டமில்லை. ஆனாலும் கொண்டுபோய் விட்டான். பிறிஜெற் கதவைத் திறந்தாள். மஸாஹிராவைக் கண்டதும் கதவைப் பாதியில் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

“என்னத்துக்கு வந்தனீங்கள்? என்ர வேலை போனது காணாதா?”

தன்னைக் கள்ளியின் கூட்டாளி என்று முதலாளி கேட்டதாகவும், மாதா சுரூபத்தில் கை வைத்து அம்மாவுக்குச் சத்தியம் பண்ணியும் அம்மா இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை என்றும் ஒரே மூச்சில் சொன்னாள். மஸாஹிரா படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னை இவள் உண்மையாகவே கள்ளி என்று நம்புகிறாள் என்பது விளங்கியது. உண்மையைச் சொன்னால் அந்தக் கோபம் போய்விடும். ஆனால் அதன் இடத்தில் வரப்போவது அதைவிட நல்லது இல்லை. சொல்லாமல் திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள்.

பிறகு சொன்னாள். திரையில் பார்த்ததைப் பார்த்தபடியே, கூட்டாமல் குறைக்காமல்.

பிறிஜெற்றின் கை கதவிலிருந்து இறங்கியது. “அப்ப, நானோ எடுத்துத் தந்தனான்?” என்றாள். இன்னொரு தரம் அதையே கேட்டாள். வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தட்டில் வலது பக்கம் இருந்தது வாடிக்கையாளருடையது என்று தான் நினைத்ததும், துடைக்கிறபோது இடம் மாறியிருக்கும் என்பதும் அவளுக்கு மெல்ல மெல்ல நினைவு வந்தது.

“இத எனக்குச் சொல்லாம விட்டிருக்கலாம் நீங்கள்.”

“முதலாளிக்குத் தெரியும். நீங்க தெரியாம அவருக்கு முன்னால போய் நிக்கப்படாது.”

மஸாஹிராவும் அந்தப் படியில் பிறிஜெற்றின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அபாயாவில் தூசி படிந்தது. சந்தில் போனவர்கள் இருவரையும் பார்த்துப் போனார்கள். உள்ளேயிருந்து பிறிஜெற்றின் தாய் யார் வந்தது என்று கேட்டாள். கடைக்கு வந்த மிஸ், விஷயம் சொல்ல வந்தவ, உள்ளே கூட்டி வாறன் என்றாள் பிறிஜெற்.

அடுத்த நாள் காலை அவள் தானாகவே கடைக்குப் போய், கை மாறியது தன்னுடைய பிழை, களவு இல்லை என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னாளாம். உலகப்பன் அவளை எடுத்துக்கொண்டார். ஆனால் பேனை அலுமாரிக்கு இல்லை, மேல்மாடியில் கொப்பிக் கட்டு கட்டுகிற வேலைக்கு. நத்தார்ப் பண்டிகை வரைக்கும் நின்றுவிட்டு, வேறிடம் கிடைத்ததும் அவள் விலகிப்போனாள். கடையின் பேஸ்புக்கில் ஒரு சிறிய விளக்கம் வந்தது. வீடியோவைப் பார்த்தவர்களில் பத்தில் ஒருவர்கூட அதைப் பார்த்திருக்கமாட்டார்கள். வீடியோவின் பிரதி வேறு பக்கங்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

அதிபர் மஸாஹிராவைக் கூப்பிட்டு விவரம் கேட்டார், ஏற்றுக்கொண்டார். ராஜராஜேஸ்வரி டீச்சர் அன்று தன்னுடைய தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து அவளுடைய மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு இடைவேளைக்கும் அங்கேயே உட்காரத் தொடங்கினாள்.

தவணை முடிவில் பெற்றோர் சந்திப்பு வந்தது. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய், மகளோடு வந்து மஸாஹிராவின் எதிரே உட்கார்ந்தாள். சிரித்து முகமன் சொன்னாள். கைப்பையை மேசையில் வைத்தாள். ஃபோனையும் அதன் பக்கத்தில் வைத்தாள். பிறகு மஸாஹிராவின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல், இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மகளுக்கு முகம் சிவந்தது. மஸாஹிரா அந்தப் பிள்ளையைப் பார்த்து, இலக்கணத்தில் இன்னும் கொஞ்சம் கவனம் எடுத்தால் நல்ல பெறுபேறு வரும் என்று சொல்லத் தொடங்கினாள். குரல் முதல் சொல்லில் மட்டும் கொஞ்சம் தடுமாறியது. பிறகு சரியாகிவிட்டது.